தூரத்துப் பொறியாளரும் பக்கத்துக் கையும்

மௌலா அலியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் தர்கா இருக்கும் பாறைக் குன்று தெரியும். மறுபக்கத்திலிருந்து டீசல் ஷெட்டின் உறுமல் கேட்கும். தென் மத்திய ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு, ரயில் சத்தம் காதில் விழாத இடத்தில் தூக்கம் வராது என்று இங்கேயே வீடு கட்டிக்கொண்டவன் நான். படித்தது திருச்சிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் டிப்ளமோ. கற்றதெல்லாம் தண்டவாள ஓரத்தில்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நமது சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும் வீட்டுக்கு வந்தார்கள். நன்கொடைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னேன். வந்த காரியம் வேறு.

"பொங்கல் விழாவை நேரடியாக ஒளிபரப்ப ஒரு இஞ்சினீயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் சார். அவர் இங்கே வரமாட்டார். தன் ஊரில் உட்கார்ந்துகொண்டே வேலை செய்வார். பேட்டி எடுப்பது உங்கள் பொறுப்பு" என்றார் செயலாளர்.

"நான் சிக்னல் ஆள். டி.வி. ஆள் இல்லையே?"

"எல்லாம் கம்பி வழியாகப் போவதுதானே சார்" என்றார் பொருளாளர். அவருக்கு மின்சாரத்தில் வரும் எல்லாம் ஒன்றுதான். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதில் பாதி சரி என்றே பட்டது.

சென்ற ஆண்டு நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊரில் இருக்கும் பெற்றோரும், அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று விழாவை இணையத்தில் ஒளிபரப்ப ஏற்பாடு செய்தோம். ஒரு நிறுவனம் மண்டபத்துக்கு ஒரு கேமராக்காரரையும் இரண்டு பெட்டிகளையும் அனுப்பியது. அவற்றை இயக்கும் பொறியாளர் வேறொரு நகரத்தில் இருந்தார். இறைவணக்கம், வரவேற்புரை, செயலர் அறிக்கை எல்லாம் பழுதில்லாமல் போயின. (செயலர் அறிக்கையின்போது நின்றிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.) குழந்தைகளின் பரதநாட்டியம் தொடங்கிய மூன்றாவது நிமிஷத்தில் படம் உறைந்தது. தூரத்தில் இருந்தவர் தன் வழக்கப்படி இயந்திரத்தை நிறுத்தி மறுபடி கிளப்பினார். நின்ற இயந்திரம் கிளம்பவில்லை. அவர் போனில் கேமராக்காரரிடம் "கறுப்புப் பெட்டியின் பின்னால் உள்ள பொத்தானை அழுத்துங்கள்" என்கிறார்; மேடைக்குப் பின்னால் இருந்ததோ நான்கு கறுப்புப் பெட்டிகள். நாற்பது நிமிஷம் கழித்துப் படம் வந்தபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

நம் உறுப்பினர் ஒருவரின் தகப்பனார் தஞ்சாவூரில் படுக்கையில் இருக்கிறார். பேத்தியின் முதல் மேடை அது. கட்டிலைச் சாய்த்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர், நாற்பது நிமிஷம் ஒரு வட்டம் சுற்றுவதைத்தான் பார்த்தார். பிறகு பதிவு செய்த படத்தை அனுப்பினோம், பார்த்தார். மகனிடம் போனில் சொன்னாராம்: "நன்னாத்தான் ஆடியிருக்கா. ஆனா அவ ஆடறப்பவே நான் பார்க்கணும்னு நெனச்சேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பேட்டி எடுக்க ஒப்புக்கொண்டேன்.

*

தூரத்திலிருந்து ஒளிபரப்பை நடத்துவது இப்போது எங்கும் நடக்கிற வேலைதான். 2020 ஜூலை 18 அன்று தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் மைதானத்தில் மூன்று அணிகள் மோதிய ஒரு காட்சிப் போட்டி நடந்தது. கொரோனா காலம். அந்தப் போட்டிக்கு இர்ஃபான் பதான் பரோடாவிலும், தீப் தாஸ்குப்தா கல்கத்தாவிலும், சஞ்சய் மஞ்ச்ரேக்கர் பம்பாயிலும் தத்தம் வீட்டில் இருந்துகொண்டே வர்ணனை செய்தார்கள். பந்து ஒரு கண்டத்தில், பேச்சு இன்னொரு கண்டத்தில். பார்த்தவர்களுக்கு மூவரும் ஒரே அறையில் இருப்பதாகவே தோன்றியது.

சிறு வானொலி நிலையங்களுக்கும் இது கைகொடுக்கிறது. நிரந்தரப் பொறியாளரை வைத்துக்கொள்ள வசதியில்லாத நிலையம், எங்கோ இருக்கும் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்கிறது. டிரான்ஸ்மிட்டரின் சூடு, மின்னழுத்தம், ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தி எல்லாவற்றையும் அவர் தன் கணினியில் பார்க்கிறார். ஆனால் அந்தக் கணினியால் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிப் போட முடியாது. தளர்ந்த கம்பியை முடுக்க முடியாது. ஆளை அமர்த்துகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

பேட்டிக்கு முன்னால் கொஞ்சம் பழைய கதையைப் புரட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒலிபரப்புக்குத் தூரத்திலிருந்து பொறியாளரைத் தேடிய முதல் ஆட்கள் நாம் அல்ல. டில்லி சர்க்காருக்கே அந்தத் தேவை ஒருகாலத்தில் வந்தது.

1935 ஆகஸ்டில் லயனல் ஃபீல்டன் என்ற பி.பி.சி. அதிகாரி இந்திய ஒலிபரப்பின் தலைவராக வந்து சேர்ந்தார். 1936 ஜூன் 8 அன்று அதற்கு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் வந்தது. பெயர் வந்துவிட்டது, நிலையங்கள் எங்கே? ஒரு துணைக்கண்டம் முழுவதும் கேட்கச் செய்ய வேண்டும். கையிலிருந்த பணமோ மிகக் குறைவு. பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த கிர்க் என்பவரை 1936 தொடக்கத்தில் வரவழைத்தார்கள். அவர் நாட்டைச் சுற்றிப் பார்த்து, அளந்து, ஒரு திட்டம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அதே ஆண்டு தலைமைப் பொறியாளராக வந்தவர் சி. டபிள்யூ. கோய்டர். அவரும் பி.பி.சி. ஆள்தான், முப்பது வயதுக்காரர்.

இந்தக் கோய்டர் யார் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரே உற்சாகம். 1924 அக்டோபர் 18 அன்று, லண்டன் அருகே மில் ஹில் பள்ளியில் மாணவராக இருந்த பதினெட்டு வயதுப் பையன், பள்ளியிலிருந்த அமெச்சூர் ரேடியோக் கருவியை வைத்துக்கொண்டு நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஃபிராங்க் பெல் என்பவரோடு தந்திக் குறிகளில் பேசினான். பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நடந்த முதல் இருவழி ரேடியோத் தொடர்பு அதுதான். பூமியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே வேறு தூரம் ஏது? சிற்றலை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பள்ளிக்கூட நாளிலேயே தன் கையால் கண்டுகொண்ட அந்தப் பையன்தான், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நம் நாட்டுக்குத் தலைமைப் பொறியாளராக வந்தார்.

வந்தவர், முன்னவர் கொடுத்துவிட்டுப் போன திட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கிர்க்கின் திட்டம் மத்திய அலையை நம்பியது. மத்திய அலை பகலில் தரையைத் தடவிக்கொண்டுதான் போகும். அதிக தூரம் போகாது. அதோடு நம் வெயில் நாட்டில் இடியும் மின்னலும் எழுப்பும் கரகரப்பு மத்திய அலையைத் தின்றுவிடும். சீமையில் அந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. நாடு முழுவதையும் மத்திய அலையால் மூடுவதென்றால் எத்தனையோ நிலையங்கள் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? சிற்றலையோ வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போய் இறங்கும். ஒலி கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனாலும் கேட்கும். பெரிய நகரங்களுக்கு மத்திய அலை, சுற்றியுள்ள பரந்த பிரதேசத்துக்குச் சிற்றலை என்று இரண்டையும் சேர்த்தார் கோய்டர். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலும் 10 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் வந்தன.

சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. நகரத்துக்கு 250 வாட் மத்திய அலை. மாகாணத்துக்கு அந்த 10 கிலோவாட் சிற்றலை. சென்னைக்கு ஒலிபரப்பு அதற்கு முன்பே உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப்பும், அதன் கருவிகளைப் பெற்று 1930 முதல் சென்னை மாநகராட்சி நடத்திய ஒலிபரப்பும்தான் முன்னோடிகள். ஆனால் அவை ஊர் எல்லையை அதிகம் தாண்டவில்லை. திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று 5 கிலோவாட் மத்திய அலையோடு வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது கேட்டது அந்தத் திருச்சியைத்தான். தை மாதம் திருவையாற்றிலிருந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் நேரடியாக வரும். அப்பா ரேடியோவைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைப்பார். காவிரிக் கரைப் பந்தலில் பாடுவது எங்கள் திண்ணைக்கு எப்படி வந்தது என்று அன்று யோசித்ததில்லை. பந்தலுக்குப் பின்னால் மைக்கும் ஆம்ப்ளிபயருமாக யாரோ ஒருவர் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்பது, நானே ரிலே ரூமில் இரவுப் பணி பார்க்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

இலங்கை வானொலியைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வீர்கள். அங்கும் கதை ஒரு பொறியாளரிடம்தான் தொடங்குகிறது. தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளராக இங்கிலாந்திலிருந்து வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். டிரான்ஸ்மிட்டர்? முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் ரேடியோ உதிரிகளைக் கொண்டு கட்டியது. 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்பே தொடங்கிவிட்டது. பின்னாளில் தெலுங்கு தேசத்திலும் கன்னட தேசத்திலும் உத்தியோகம் பார்த்த நம்மவர்களுக்குத் தமிழ்ப் பாட்டை மாலை நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தது அந்த மண்ணிலிருந்து கிளம்பிய சிற்றலைதானே!

கோய்டரும் ஹார்ப்பரும் கடல் தாண்டி வந்து, இங்கேயே இருந்து வேலை பார்த்தார்கள். இன்றைய பொறியாளர் வருவதே இல்லை. ஆகவே அவர்களிடமிருந்து நமக்குப் பாதி விடைதான் கிடைத்தது: இந்த மண்ணின் நிலவரத்தை விசாரிக்கிறவனா என்று பார். மீதி விடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருந்தது.

*

மௌலா அலியிலிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் ஈ.சி.ஐ.எல். வந்துவிடும். 1967இல் ஏ. எஸ். ராவ் தலைமையில் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், பக்கத்திலிருக்கும் ஏ. எஸ். ராவ் நகர் அவர் பெயரில்தான். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடனாக வாங்கி, ‘சைட்’ என்ற பெயரில் இந்தியா ஒரு பெரிய சோதனை நடத்தியது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் செயற்கைக்கோளிலிருந்து நேராகத் தொலைக்காட்சி. நம் ஆந்திரப் பிரதேசமும் அந்த ஆறில் ஒன்று. அந்த டி.வி. பெட்டிகளைச் செய்து கொடுத்தது இந்த ஈ.சி.ஐ.எல்.தான்.

பத்தடி அகலத்துக்குக் கோழிக்கூண்டுக் கம்பிவலையில் ஒரு ஆன்டெனா. பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு பெட்டி. நிகழ்ச்சி கிளம்புவது ஆமதாபாத் தரை நிலையத்திலிருந்து. போய் வருவதோ வானத்தில் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு. ஆனால் பெட்டி கெட்டால் ஆமதாபாதிலிருந்து யாராலும் அதைத் தொட முடியாது. ஆகவே திட்டம் போட்டவர்கள் கிராமங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் அருகிலேயே பழுது பார்க்கும் ஆட்களை வைத்தார்கள். விண்வெளி ஆராய்ச்சி என்றால் ராக்கெட் என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்த ஓராண்டு ஓடியதில் பாதிப் பெருமை, ஸ்க்ரூடிரைவரோடு மண் ரோட்டில் அலைந்த பையன்களுக்கு. இந்தப் பெட்டிகளில் ஒன்றை நம் பொறியாளர்கள் கொழும்புக்குக் கொண்டுபோய் ஆர்தர் கிளார்க் வீட்டில் பொருத்தினார்கள். செயற்கைக்கோள் வழி ஒலிபரப்பை 1945இலேயே எழுதிக் காட்டியவர் அவர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே அப்போது கிடையாது; 1979இல்தான் வந்தது.

இன்னொரு உதாரணம் இங்கிருந்து ரயிலில் போகும் தூரம்தான். விகாராபாத்திலிருந்து பர்லி போகும் பாதையில் ஜஹீராபாத் ஸ்டேஷன். அதன் அருகே மாச்சனூர் என்ற கிராமம். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் பெண்களுக்காக 1998இல் யுனெஸ்கோ உதவியோடு ஒரு ரேடியோ நிலையம் கட்டப்பட்டது. உரிமம் கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் அவர்கள் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து, ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். 2008 அக்டோபர் 15 அன்று ‘சங்கம் ரேடியோ’ காற்றில் ஏறியது. ஒலிப்பதிவு, எடிட்டிங், ஒலிபரப்பு எல்லாவற்றையும் நடத்தியவர்கள் அந்த வட்டாரத்துத் தலித் பெண்கள். நகரத்திலிருந்து பொறியாளரை வரவழைத்துக் கட்டுப்படியாகாத நிலையம், பக்கத்துக் கைகளையே பழக்கிக்கொண்டது.

ரயில்வேயில் எங்களுக்கும் இதே பாடம்தான். கண்ட்ரோல் ஆபீஸில் இருப்பவர் நூறு மைலுக்குப் போனில் உத்தரவு போடலாம். ஆனால் பாயின்ட் அடைத்துக்கொண்டால் டார்ச்சும் சாவியுமாக நடந்து போகிறவர் மெயின்டெய்னர்தான். அந்த மெயின்டெய்னரும் தன் இஷ்டத்துக்குக் கருவியைத் தொடக்கூடாது. டி/351 என்று ஒரு படிவம் உண்டு. ‘இந்தக் கருவியை இத்தனை மணிக்குத் துண்டிக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ‘இணைத்துவிட்டேன்’ என்று மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டு நம் விழாவில் அந்தத் தூரத்து மனிதர் இயந்திரத்தை நிறுத்துமுன் இங்கே ஒருவரிடமாவது சொல்லியிருந்தால், மாற்றுப் பெட்டியை முதலில் இணைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று நாமும் கேட்டிருக்கவில்லை.

*

மூன்று பேரைப் பேட்டி கண்டேன். பேத்தி மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, "தாத்தா, கேமராவைப் பார்த்துப் பேசுங்க, மேலே ஃபேனைப் பார்க்காதீங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

முதல்வர் அனுபவசாலி. மென்பொருள்களின் பெயர்களைச் சரம் சரமாகச் சொன்னார். "உங்கள் ஒளிபரப்பு எப்போதாவது நின்றிருக்கிறதா?" என்று கேட்டேன். "ஒரு தடவைகூட இல்லை சார்." முப்பத்து நான்கு ஆண்டுகளில் பழுதே கண்டதில்லை என்று சொன்ன மெயின்டெய்னர் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். இருவருமே ரிஜிஸ்டரில் எழுதாதவர்கள்.

இரண்டாமவர் சின்னப் பையன், கூலியும் குறைவு. அன்றைய தினமே இன்னும் இரண்டு கல்யாணங்களைத் தன் கணினியிலிருந்து ஒளிபரப்பப் போவதாக மறைக்காமல் சொன்னான். நேர்மை பிடித்திருந்தது. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் தாலி கட்டினால் என்ன செய்வான்?

மூன்றாவது நாகர்கோவில் பக்கத்துப் பெண். இரவில் வெளிநாட்டு வானொலி நிலையம் ஒன்றின் கருவிகளைக் கண்காணிக்கும் வேலை. நான் வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்: "சார், அன்னைக்கு அந்த மேடைக்குப் பின்னால யார் இருப்பாங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எதற்கம்மா கேட்கிறீர்கள்?"

"எனக்கு அங்கே இரண்டு கை வேணும் சார். இஞ்சினீயரா இருக்கணும்னு இல்ல. சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டுச் செய்யறவங்களா இருந்தாப் போதும்."

சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வது! ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் வாங்கும் முறையை இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டேன்: நடுவில் படம் நின்றால் முதல் இரண்டு நிமிஷத்தில் என்ன செய்வீர்கள்? "முதல்ல சத்தத்தைக் காப்பாத்துவேன் சார். படம் நின்னாலும் பாட்டு போகட்டும். அதுக்குத் தனி வழி வச்சிருப்பேன். பார்க்கிறவங்களுக்குத் தடங்கல்னு ஒரு அட்டை போடுவேன். சுத்தற வட்டத்தைப் பார்த்துட்டு உட்கார வைக்கக் கூடாது. அப்புறம் அங்கே நிக்கறவங்ககிட்ட எந்த விளக்கு எரியுது, எது எரியலைன்னு கேப்பேன். அது தெரியாம எதையும் ரீஸ்டார்ட் பண்ண மாட்டேன்." சிக்னல் கம்பி அறுந்தால் கைகாட்டி தானாகவே ‘நில்’ காட்ட வேண்டும், டிரைவரைச் சந்தேகத்தில் விடக்கூடாது என்பது எங்கள் வேதம். அட்டை போடுவது அதுதான்.

நின்றதுண்டா என்று கேட்டேன். ஒரு கோயில் திருவிழாவில் தவறான இயந்திரத்தை நிறுத்திவிட்டதாகவும், பதினோரு நிமிஷம் போய்விட்டதாகவும், அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிற டேப் ஒட்டச் சொல்வதாகவும் சொன்னார். நிமிஷக் கணக்குச் சொன்னதும் நான் முடிவு செய்துவிட்டேன்.

அவர் கேட்டவை அதிகமில்லை. இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் இணைய இணைப்பு: ஒன்று ஃபைபர், ஒன்று மொபைல் சிம். ஒரே கம்பெனியில் இரண்டு வாங்கினால் தெருவில் பள்ளம் தோண்டும்போது இரண்டும் சேர்ந்து போகும். இணைப்பில் இறங்கும் வேகத்தைக் காட்டி ஏமாற்றுவார்கள். நமக்கு வேண்டியது ஏறும் வேகம். இணையப் பெட்டிக்கும் சேர்த்து யு.பி.எஸ். ஒலியை மண்டபத்து ஸ்பீக்கரிலிருந்து பிடிக்காமல் மிக்ஸரிலிருந்தே நேராக எடுக்க வேண்டும். எது நின்றாலும் இங்கேயே ஒரு பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பேசிக்கொள்ளத் தனியாக ஒரு சாதாரண போன். ஒளிபரப்பு போகும் அதே இணைப்பில் பேசிக்கொண்டிருந்தால், அது அறும்போது பேச்சும் அறும். கடைசியாக, முதல் நாள் முழு ஒத்திகை, அதற்கும் சம்பளம்.

இந்த இடத்தில் பொருளாளர் எழுந்து நின்றுவிட்டார். "மூன்று மணி நேர விழாவுக்கு இரண்டு நாள் சம்பளமா?" நான் வாதாடவில்லை. தஞ்சாவூர்க்காரர் சொன்ன வாக்கியத்தை மட்டும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். இரண்டு தேநீர் இடைவேளைகளில் ஒன்றைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்வதாகத் தீர்மானம் நிறைவேறியது. உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்.

பக்கத்துக் கைகளுக்கு நமது சங்கத்திலேயே இருவர் கிடைத்தார்கள்: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி, ஓய்வு பெற்ற கூட்ஸ் கார்டு ஒருவர். கார்டுக்கு இணையம் தெரியாது. ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் வாழ்நாளில் ஒரு கொடியும் அசைத்ததில்லை.

போன வாரம், விழாவுக்கு வெகு முன்பாகவே, மண்டபத்தில் ஒரு சிறு ஒத்திகை பார்த்தோம். மேடையில் ஒன்றும் இல்லை. நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு நாற்காலி மட்டும். நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது: "சார், சிவப்பு டேப் ஒட்டின ஒயரைப் பிடுங்குங்க." "சிவப்பு டேப் ஒட்டிய ஒயரைப் பிடுங்குகிறேன்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, கார்டு ஃபைபர் இணைப்பைப் பிடுங்கினார். மாணவி கையிலிருந்த போனில் படம் ஒரு கணம் மங்கி, சிம் வழியாக மறுபடி தெளிந்தது. மறுமுறை இரண்டையும் பிடுங்கச் சொன்னார். தடங்கல் அட்டை வந்தது. இணைத்ததும் போனது.

தஞ்சாவூர்ப் பெரியவரையும் பார்க்கச் சொல்லியிருந்தோம். ஒத்திகைதான், நாட்டியம் எதுவும் இல்லை என்று மகன் விளக்கிச் சொல்லியும், கட்டிலைச் சாய்க்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். இருபது விநாடி தாமதத்தில் அவருக்குப் படம் போய்ச் சேர்ந்தது. மகன் போனை ஸ்பீக்கரில் போட்டார். மண்டபத்தில் நாங்கள் ஐந்து பேரும் கேட்டோம்.

"படம் பளிச்சுனு இருக்குடா. அந்த நாற்காலியை மட்டும் அப்புறப்படுத்தச் சொல்லு. குழந்தை சுத்தி வரச்சே இடிச்சுக்கும்."

கார்டு "நாற்காலியை அப்புறப்படுத்துகிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு மேடை ஏறினார்.